சாந்தோம் கோட்டையும் அந்நியர் கூட்டணிகளும்

ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, மயிலைக் கத்தோலிக்கராகிய நாம் மெழுகுவர்த்தியும் மலர்மாலையும் ஏந்திக் குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்கிறோம். குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரித்துச் செல்ல, நாம் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் துயிலும் இடத்தைத் தேடிக் கூட்டத்தில் நெருக்குண்டு நடக்கிறோம். அடையாற்றின் கழிமுகத்தையொட்டிய அந்த மண்ணில் நம் உறவினர் அல்லாத வேறு சிலரும் வீழ்ந்து கிடந்தனர் என்பது அந்த நேரத்தில் நம் நினைவுக்கு வருவதில்லை. 1746-ஆம் ஆண்டு, கல்லறைத் திருநாள் கழிந்த இரண்டாம் நாள், நவம்பர் 4 அன்று, ஆர்க்காட்டு நவாபின் படையும் பிரெஞ்சுப் படையும் மோதியது இந்தத் தீவிலும் இதையடுத்த ஆற்றங்கரையிலுந்தான். பழைய நாள்காட்டியை விடாமல் வைத்திருந்த ஆங்கிலேயர் அதே நாளை அக்டோபர் 24 என்று குறித்து வைத்தனர்.

அந்தப் போரில் மோதிய இருவரும் சில மாதங்களுக்கு முன்புவரை நண்பர்கள். அதைத்தான் இந்தக் கட்டுரையில் நாம் சற்று நின்று பார்க்க விரும்புகிறோம்.

ஐரோப்பிய நாடுகளும் ஆசிய நாடுகளும் பாதுகாப்புத் துறையில் ஒத்துழைப்பதைப் பற்றி இக்காலத்தில் நாளேடுகளில் நிறையப் படிக்கிறோம். 1996 மார்ச்சில் பாங்காக் நகரில் ஆசிய, ஐரோப்பியத் தலைவர்கள் முதன்முறையாக ஒரே மேசையில் அமர்ந்தனர்; 2008-இல் பெய்ஜிங்கில் கூடியபோது இந்தியாவும் அந்த அவையில் இடம் பெற்றது. 1983-இல் தொடங்கிய இந்திய, பிரெஞ்சுக் கடற்படைகளின் கூட்டுப் பயிற்சி 2001 முதல் கடல்தெய்வமாகிய வருணனின் பெயரால் வழங்கி வருகிறது. இவையெல்லாம் நம் காலத்தின் புதுமைகள் என்று எண்ணிவிடுகிறோம். சாந்தோம் நெடுஞ்சாலையில் நின்றுகொண்டு அப்படி எண்ணுவதற்கு இடமில்லை. இந்நகரமே அப்படியொரு பாதுகாப்பு ஏற்பாட்டில் பிறந்ததுதான்.

போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தூதர் தோமையாரின் கல்லறையை நாடி மயிலைக்கு வந்ததும், அதைச் சுற்றி ஊர் அமைத்துச் சாந்தோம் எனப் பெயரிட்டதும், 1606-இல் அது தனி மறைமாவட்டம் ஆனதும் நம் வாசகர்கள் அறிந்தவை. வடக்கே பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய ஒல்லாந்தர், சாந்தோம் போர்த்துகீசியருக்குக் கடலில் தீராத் தொல்லையாயினர். இரண்டு ஐரோப்பியரும் ஒருவர் கப்பலை ஒருவர் பிடித்துக்கொள்ள, இடையில் வணிகம் கெட்டது நம்மவருக்கு. அக்காலத்தில் இப்பகுதியை ஆண்ட தாமர்ல நாயக்கர் குடும்பத்தினர் இதற்கு ஒரு வழி கண்டனர். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த அங்கபூபாலர் இயற்றிய 'உஷாபரிணயம்' என்னும் தெலுங்குக் காவியம், பழவேற்காட்டாருக்கும் மயிலையாருக்கும் இடையிலிருந்த பூசலை அடக்குவதற்காகவே அவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவே தம் தந்தை சென்னப்பர் பெயரால் ஐயப்ப நாயக்கர் சென்னப்பட்டினத்தை ஏற்படுத்தினார் என்று சொல்கிறது. 1639 ஆகஸ்டில் பிரான்சிஸ் டேக்குக் கொடுக்கப்பட்ட பட்டயத்தின் பின்னணியில் இந்தக் கணக்கும் இருந்தது. வேங்கடப்ப நாயக்கர் தமக்குப் பாரசீகக் குதிரைகள் கிடைக்கும் என எதிர்பார்த்ததும் உண்மை. இரண்டு அந்நியர் சண்டையைத் தீர்க்க மூன்றாவது அந்நியரை நடுவில் குடியமர்த்திய அந்தச் சூழ்ச்சியை நாம் இன்று எப்படி மதிப்பிடுவது? அவர் தம் காலத்து அறிவுக்கு ஏற்றபடி நன்றாகவே கணக்குப் போட்டார் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. கணக்கின் மறுபக்கத்தைப் பார்க்க அவருக்கு ஆயுள் போதவில்லை.

சமயத்தை வைத்து இக்கூட்டணிகளைப் புரிந்துகொள்ள முயல்வோர் ஏமாந்து போவர். கப்புச்சின் துறவியான எப்ரேம் தெ நெவேர் அடிகளின் கதையே இதற்குப் போதும். பிரெஞ்சு நாட்டவரான இவர் 1642-இல் சென்னைக் கோட்டைக்கு வந்து, ஆங்கிலேயரின் வேண்டுகோளுக்கிணங்கி அங்கிருந்த கத்தோலிக்கருக்குப் பணி செய்தார். ஆங்கிலேயரோ சீர்திருத்தச் சபையினர். சாந்தோமில் இருந்த போர்த்துகீசியர், தங்கள் அரசரின் திருச்சபை உரிமைக்கு இவர் இடையூறு எனக் கருதி, 1649-இல் இவரைத் தந்திரமாக வரவழைத்துப் பிடித்துக் கோவாவிலிருந்த விசாரணை மன்றத்தின் சிறைக்கு அனுப்பினர். அவரை விடுவிக்கக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் இசுலாமியரான கோல்கொண்டா சுல்தான். அவருடைய தளபதி மீர் ஜும்லா சாந்தோமை நெருக்கியதாகப் பயணி தாவெர்னியே எழுதுகிறார். கத்தோலிக்கத் துறவியைக் கத்தோலிக்கர் சிறையிலடைக்க, அவருக்காக சுல்தான் பரிந்து நின்றார்!

1661-இல் இங்கிலாந்தின் இரண்டாம் சார்லசுக்கும் போர்த்துகல் இளவரசி கத்தரீனாவுக்கும் மணம் பேசி முடித்த உடன்படிக்கையில் பம்பாய் சீதனமாயிற்று என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. அதே உடன்படிக்கையில், இந்தியாவில் போர்த்துகீசியரின் இடங்களை ஒல்லாந்தரிடமிருந்து காக்க இங்கிலாந்து துணை நிற்கும் என்ற வாக்குறுதியும் இருந்தது. ஓராண்டு செல்வதற்குள், 1662 மே மாதத்தில், கோல்கொண்டாப் படை சாந்தோமைக் கைப்பற்றியது. மூன்று கல் தொலைவில் கோட்டையும் பீரங்கியும் வைத்திருந்த ஆங்கிலேயர் அசையவில்லை. வாக்குறுதி ஒல்லாந்தரைப் பற்றியதல்லவா, சுல்தானைப் பற்றியதன்றே! வீடிழந்து வந்த சாந்தோம் போர்த்துகீசியக் குடும்பங்களைச் சென்னையில் குடியேற்றிக்கொண்டனர் என்பதையும் சொல்லவேண்டும். அதனால் சென்னைக்கே ஆதாயம்.

இனி 1672-க்கு வருவோம்.

பதினான்காம் லூயி மன்னர் கீழை நாடுகளில் பிரான்சின் கொடியை நாட்டுவதற்காகத் தளபதி தெ லா ஹேயின் தலைமையில் ஒரு கப்பற்படையை 1670-இல் அனுப்பினார். அது முதலில் நாடியது இலங்கை. கண்டி அரசர் இரண்டாம் இராஜசிங்கர் 1638-இல் ஒல்லாந்தரோடு ஓர் உடன்படிக்கை செய்து, அவர்கள் துணையால் போர்த்துகீசியரைத் துரத்தியவர். 1658-இல் யாழ்ப்பாணம் விழுந்து போர்த்துகீசியர் முற்றும் வெளியேறியபின், துணைக்கு வந்தவர்கள் போகவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிக்கொண்டோம் என்று சிங்கள மக்கள் இதைப் பழமொழியாகவே சொல்வர். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் அதன்பின் பட்ட பாட்டையும், 1687-இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் சென்று அவர்களைத் தேற்றிய புனித யோசேப்பு வாசு அடிகளையும் நாம் மறக்கவியலாது. இப்போது ஒல்லாந்தரை விரட்ட இராஜசிங்கர் பிரெஞ்சுக்காரரை அழைத்துத் திருகோணமலையைக் கொடுத்தார். ஒல்லாந்துத் தளபதி வான் கூன்ஸ் பெருங்கப்பற்படையோடு வந்து நிற்க, உணவும் ஆளும் குறைந்த பிரெஞ்சுக்காரர் அங்கிருந்து விலகி வடக்கே பாய் விரித்தனர்.

1672 ஜூலையில் அவர்கள் சாந்தோமுக்கு முன் நங்கூரமிட்டனர். பசி தீர உணவுப் பொருள் கேட்டனர். கோல்கொண்டாவின் அதிகாரிகள் மறுத்தனர். சில நாட்களில் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. பத்தாண்டுகளாகச் சரிவரப் பேணாத மதில்கள் அவர்களைத் தடுக்கவில்லை.

அதன்பின் நடந்த இரண்டாண்டு முற்றுகைதான் மயிலையின் வரலாற்றில் மிக நீண்ட துன்ப காலம். கோல்கொண்டாவில் அவ்வாண்டுதான் அரியணை ஏறியிருந்த அபுல் ஹசன் குத்ப் ஷா, கோட்டையை மீட்கப் படையனுப்பினார். அப்படை கோட்டையைச் சூழ்ந்தும், 1673-இல் பிரெஞ்சுக்காரர் வெளியே பாய்ந்து அதைச் சிதறடித்தனர். நிலத்தில் எத்தனை ஆயிரம் பேர் சூழ்ந்தாலும் கடல்வழி திறந்திருக்கும்வரை கோட்டை விழாது என்பதைச் சுல்தானின் தளபதிகள் அறிந்துகொண்டனர். கடலை அடைக்கக் கப்பல் வேண்டும். கப்பல் ஒல்லாந்தரிடம் இருந்தது. ஒல்லாந்தருக்கோ ஐரோப்பாவிலேயே பிரான்சோடும் இங்கிலாந்தோடும் போர் மூண்டிருந்தது. இருவர் தேவையும் பொருந்தின. நிலத்தில் கோல்கொண்டா, நீரில் ஒல்லாந்து என்று பங்கு பிரித்துக்கொண்டு, 1673-இன் நடுவில் வான் கூன்சின் கப்பல்கள் மயிலைக் கடலில் தோன்றின. திருவல்லிக்கேணியிலும் மயிலையிலும் படைகள் பாசறை அமைத்தன; மதில் சூழ்ந்த கோயில்கள் வழிபாட்டுக்கு ஆகாமல் போருக்கு ஆயின.

இந்நிலையில் சென்னைக் கோட்டையின் ஆளுநர் சர் வில்லியம் லாங்ஹார்ன் பட்ட அவதியை எண்ணிச் சிரிப்பதா இரங்குவதா என்று தெரியவில்லை. ஐரோப்பாவில் அவருடைய அரசர் பிரான்சின் நண்பர். ஆகவே பிரெஞ்சுக்காரருக்கு அவர் உதவவேண்டும். அவர் குடியிருந்த நிலமோ கோல்கொண்டாவுடையது. அந்த 1672-ஆம் ஆண்டிலேதான் ஆண்டுக்கு 1200 வராகன் குத்தகை என்று உறுதி செய்துகொண்டு பட்டயம் பெற்றிருந்தார். ஆகவே பிரெஞ்சுக்காரருக்கு அவர் உதவக்கூடாது. பிரெஞ்சுக்காரர் வென்று சாந்தோமில் நிலைத்துவிட்டால் சென்னையின் வணிகம் அழியும். ஒல்லாந்தர் வென்றாலும் அதே கதி. 1673-இல் மசூலிப்பட்டினத்துக்கு அருகே ஆங்கிலக் கப்பல்களை ஒல்லாந்தர் முறியடித்தபின் அவருடைய அச்சம் இரட்டித்தது. கண்ணும் காணாமல் காதும் கேளாமல் இருப்பதே அவர் கண்ட அரசியல். 1674-இன் தொடக்கத்தில் இங்கிலாந்து ஒல்லாந்தரோடு தனியே சமாதானம் செய்துகொள்ள, தெ லா ஹேக்கு இருந்த கடைசி நட்பும் பெயரளவிற்குக்கூட இல்லாமற் போயிற்று.

கோட்டைக்குள் பஞ்சம். அங்கு வந்துபோன கார்ரே அடிகளாரும், பிற்காலத்தில் புதுச்சேரியை வளர்த்த பிரான்சுவா மார்த்தேனும் அந்நாட்களைப் பற்றி எழுதி வைத்துள்ளனர். உணவும் பணமும் தேடித் தெற்கே அனுப்பப்பட்ட லெஸ்பினே என்னும் இளைஞர், பீஜப்பூர் சுல்தானின் சார்பில் வாலிகண்டபுரத்திலிருந்து ஆண்ட ஷேர்கான் லோடியை அணுகினார். ஷேர்கான் உதவியதோடு கடற்கரையில் தங்குவதற்கு ஓரிடமும் கொடுத்தார். அந்த இடம் புதுச்சேரி. கோல்கொண்டாவுக்கு ஒல்லாந்தர் என்றால் பீஜப்பூரின் அதிகாரிக்குப் பிரெஞ்சுக்காரர்! மயிலையில் பசித்தவர்களுக்கு அரிசி தேடிப் போனதன் விளைவாகவே தமிழகத்தில் பிரெஞ்சு ஆட்சியின் தலைநகர் தோன்றியது.

1674 செப்டம்பர் 6 அன்று தெ லா ஹே பணிந்தார். ஒல்லாந்தர் அவரையும் எஞ்சிய வீரர்களையும் மரியாதையோடு ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்தனர். பகைவர்க்குள்ளும் ஐரோப்பியப் பெருந்தன்மை இருந்தது. கோட்டை சுல்தானுக்குக் கிடைத்தது. கிடைத்த கோட்டையை என்ன செய்வது? இன்னோர் ஐரோப்பியர் வந்து புகுந்துகொண்டால் மறுபடியும் இரண்டாண்டு முற்றுகையா? ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இந்த ஒரு கருத்தில் முழு மனத்தோடு ஒன்றுபட்டுச் சுல்தானின் காதில் ஓதினர். 1675-இல் மதில்களை இடிக்கத் தொடங்கினர். எஞ்சியதை 1697-இல் மொகலாயரின் ஆணை தரைமட்டமாக்கியது. இன்று பேராலயத்தின் பின்புறம் கடற்கரைக்குச் செல்வோர் அங்கே கோட்டையின் சுவடு தேடினால் ஏமாற்றமே அடைவர். நாம் காணும் பேராலயக் கட்டடமும் 1896-இல் முடிக்கப்பெற்றதே.

அதே 1675-இல் சென்னைக் கோட்டைக்குள் கப்புச்சின் துறவியரின் கோயில் புதுப்பிக்கப்பட்டபோது லாங்ஹார்ன் பீரங்கி முழங்கி மரியாதை செய்தார்; அதற்காக இலண்டனிலிருந்து கண்டனமும் வாங்கிக்கொண்டார். முற்றுகை நாட்களில் நேர்மையாக நடக்க முடியாதிருந்தவர், அந்த ஒரு நாளிலாவது மனம்போல நடந்தார் போலும்.

எழுபது ஆண்டுகள் கழித்து அதே நாடகம் வேறு நடிகர்களோடு நடந்தது. தம் ஆட்சிப் பகுதியில் ஐரோப்பியர் தமக்குள் போரிடக்கூடாது என்று ஆர்க்காட்டு நவாப் அன்வாருத்தீன் கான் அறிவித்திருந்தார். 1746 செப்டம்பரில் லா பூர்தொன்னே சென்னையைப் பிடித்தபோது, நகரத்தைத் தங்களிடமே ஒப்படைக்கிறோம் என்று புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே நவாபுக்குச் சொல்லியனுப்பி அவரை அமைதிப்படுத்தினார். நாள் சென்றது, நகரம் வரவில்லை. நவாபின் மகன் மாஃபூஸ் கான் ஏறக்குறைய பதினாயிரம் பேரோடு வந்தார். புதுச்சேரியிலிருந்து உதவிக்கு வந்த பாரடீஸ் என்னும் சுவிட்சர்லாந்து அதிகாரியிடம் இருந்தவர் சற்றேறக்குறைய ஆயிரம் பேர். அவர்களிலும் பெரும்பாலோர் ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய்கள். நவாபின் படை அடையாற்றின் வடகரையில் பீரங்கிகளோடு வழிமறித்து நின்றது. பாரடீஸ் தயங்காமல் ஆற்றில் இறங்கினார். வரிசை கலையாமல் கரையேறி, ஒரே நேரத்தில் சுட்டு, துப்பாக்கி முனையில் செருகிய ஈட்டியோடு பாய்ந்த அந்த ஆயிரவருக்கு முன் பதினாயிரவர் நிற்கவில்லை. ஓடியவர்கள் மயிலைத் தெருக்களில் புகுந்து யானையும் ஒட்டகமும் வண்டியுமாக நெருக்குண்டபோது, பின்னால் வந்தவர்கள் மீண்டும் சுட்டனர். இறுதியில் ஊர் கொள்ளையிடப்பட்டது.

போர்க்கலை வரலாற்றாசிரியர்கள் இந்தச் சண்டையைப் பெரிதாகப் பேசுவர். பழக்கிய சிறுபடை பெரும்படையை வெல்லும் என்று தெரிந்தபின், இந்திய அரசர் ஒவ்வொருவரும் அத்தகைய படையை வாடகைக்குப் பெற விரும்பினர். அன்வாருத்தீனின் இன்னொரு மகன் முகமது அலி ஆங்கிலேயப் படையின் துணையால் நவாபானார். 1768-இல் சேப்பாக்கம் அரண்மனையை எழுப்பி, கம்பெனியின் பீரங்கி நிழலிலேயே வாழ்ந்தார். பாதுகாப்புக்கான செலவு கடனாகி, கடன் மலையாகி, 1801-இல் கர்நாடகமே கம்பெனியின் கைக்குப் போயிற்று. இதை விரித்தால் தனிக் கட்டுரையாகும்.

நமக்கு நெருக்கமான பகுதி மயிலையில் நடந்தது. 1748-இல் ஐரோப்பாவில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி, வட அமெரிக்காவில் பிடித்த லூயிபர்க் கோட்டையைத் திருப்பித் தந்து, ஆங்கிலேயர் சென்னையைப் பெற்றுக்கொண்டனர். மறு ஆண்டே கடற்படைத் தலைவர் போஸ்கவன் சாந்தோமைக் கைக்கொண்டார். நவாப் முகமது அலியின் பெயரால் என்பது பேச்சு. அங்கே அவர் முதலில் கைது செய்தது ஒரு பிரான்சிஸ்கன் துறவியை. துய்ப்ளேயின் மனைவிக்கு உறவினரான அந்தோனியோ தெ நொரோஞா என்னும் அவர், பிரெஞ்சுக்காரரின் நண்பரான சந்தா சாகிபிடமிருந்து சாந்தோமின் ஆட்சிப் பொறுப்பையே பெற்று, ஆங்கிலேயரைப் பற்றிய செய்திகளைப் புதுச்சேரிக்கு அனுப்பி வந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றப்பட்டார். நம் திருச்சபையைச் சேர்ந்தவர் என்பதற்காக இந்த நிகழ்ச்சியை நாம் மழுப்பிச் சொல்ல வேண்டியதில்லை. துறவியின் அங்கி அரசியலுக்குள் நுழைந்தது. அதன் விலையைத் துறவி மட்டும் செலுத்தவில்லை. கத்தோலிக்கர் எல்லாரும் பிரெஞ்சுக்காரரின் கையாட்கள் என்ற ஐயம் கம்பெனிக்கு உறுதிப்பட்டுவிட்டது. கோட்டைக்குள் நூறாண்டு நின்ற கப்புச்சின் துறவியரின் தூய அந்திரேயா கோயில் இடிக்கப்பட்டது. வெள்ளையர் நகரிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1662-இல் சாந்தோமிலிருந்து அடைக்கலம் தேடி அங்கு வந்தவர்களின் பேரர்களும் அவர்களுள் இருந்திருப்பர்.

இவர்களில் எத்தனை பேர் உண்மையில் எவருக்கு ஒற்றராயிருந்தனர்? ஒருவர் கதையை மட்டும் சொல்கிறோம். கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகரின் பெயர் பரங்கிமலைக்குத் திருப்பயணம் செல்வோர்க்குப் புதிதன்று. மலைக்கு ஏறும் படிக்கட்டும், 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் கட்டிய பாலமும் அவருடைய கொடைகள். வேப்பேரியில் கத்தோலிக்கருக்காக அன்னை மரியாவின் சிற்றாலயம் ஒன்றையும் அவர் எழுப்பினார். 1746-இல் சென்னை வீழ்ந்தபோது துய்ப்ளே அவரைத் தம் பக்கம் இழுக்க முயன்றார். உஸ்கான் இசையவில்லை; சென்னையிலிருந்த அவருடைய உடைமைகளைப் பிரெஞ்சுக்காரர் பறித்துக்கொண்டனர். ஆங்கிலேயர் திரும்பி வந்தபின், 1751-இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டே, பிரெஞ்சுக்காரருக்கு வேண்டியவர்களின் கோயில் என்று சொல்லி, அவர் கட்டிய வேப்பேரி ஆலயத்தைக் கப்புச்சின் துறவியரிடமிருந்து எடுத்து, லுத்தரன் போதகர் பப்ரீசியுசிடம் கம்பெனி ஒப்படைத்தது. இன்று அவ்விடத்தில் தூய மத்தியா ஆலயம் இருக்கிறது. அதன் வளாகத்திலேதான் உஸ்கானின் கல்லறை. அவருடைய இதயத்தை மட்டும், அவர் விரும்பியபடி, ஒரு பேழையில் வைத்துப் பாரசீகத்தில் அவர் பிறந்த ஜுல்ஃபாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.